கற்பூரச் சத்தியமும் சட்டப் புத்தகமும்

கடவுளை நம்பாதவனுக்கு நீதி எங்கிருந்து வரும் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். நீதியை அறிந்துகொள்ளக் கடவுள் எதற்கு, அறிவு போதாதா என்று மறு சாரார் திருப்பிக் கேட்கிறார்கள். பத்திரிகைத் தொழிலில் இருந்த காலம் முழுவதும் இந்த வழக்கைப் பல மேடைகளில் கேட்டிருக்கிறேன். உதாரணம் என்று வந்துவிட்டால் இரு சாராரும் உடனே கப்பல் ஏறிவிடுவார்கள். ஒருவர் சிலுவைப் போருக்குப் போவார். மற்றவர் ஸ்டாலினின் ரஷ்யாவுக்குப் போவார். அவ்வளவு தூரம் போகவேண்டிய அவசியமே இல்லை. ஹட்டன் நிலையத்தில் கோச்சியை விட்டு இறங்கினால் போதும்.

மலையகத் தோட்டங்களின் வரலாறு கூலியின் வரலாறு, குடியுரிமையின் வரலாறு என்றெல்லாம் எழுதப்பட்டுள்ளது. அதை நியாயத் தீர்ப்புகளின் வரலாறாகவும் வாசிக்கலாம் என்பது என் எண்ணம். இந்த மக்களைப் பற்றித் தீர்ப்புச் சொல்லாதவர் யார்? ஆங்கிலேயத் துரை சொன்னார், பாதிரியார் சொன்னார், சைவப் பெரியார் சொன்னார், மார்க்ஸியவாதி சொன்னார், கொழும்பு உயர் நீதிமன்றம் சொன்னது, இலண்டன் பிரிவிக் கவுன்சிலும் சொன்னது. ஒவ்வொருவரும் எதை அளவுகோலாகக் கொண்டு சொன்னார்கள்? அந்த அளவுகோல் மதத்திலிருந்து வந்ததா, உலகியல் அறிவிலிருந்து வந்ததா? எங்கிருந்து வந்தாலும் அது நேராக அளந்ததா? இவற்றையே இங்கு பார்க்க விரும்புகிறேன்.

ஞாயிற்றுக்கிழமையும் திங்கட்கிழமையும்

டிக்கோயாவில் காசல்ரீ நீர்த்தேக்கத்தைப் பார்த்தபடி வார்லி தேவாலயம் நிற்கிறது. 1878இல் கட்டியது. நீர்த்தேக்கம் பின்னால் வந்தது. அந்தக் கல்லறைத் தோட்டத்தில் இளம் வயதிலேயே இறந்துபோன துரைமாரின் பெயர்களைப் படிக்கிறபோது எவருக்கும் மனம் கனக்கும். அவர்கள் போலிப் பக்தர்கள் என்று நான் சொல்லமாட்டேன். தொழிலாளருக்குக் கிறிஸ்தவத்தைப் போதிக்க 1854இலேயே தமிழ்க் கூலி மிஷன் தொடங்கப்பட்டது. அதற்குத் தோட்டத்துரைமாரே சந்தா கொடுத்தார்கள். கூலிக்கும் ஆன்மா உண்டு என்பதை அவர்கள் மறுக்கவில்லை.

ஆனால் 1865ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டத்தையும் பாருங்கள். முன்னறிவித்தல் இன்றி வேலையை விட்டுப் போனால், அது வெறும் ஒப்பந்த மீறல் அன்று, குற்றம். சிறைக்கு அனுப்பலாம். வணிகன் ஒப்பந்தத்தை மீறினால் நட்டஈட்டு வழக்கு; தொழிலாளி மீறினால் விளக்கமறியல். இதன் மேல் 'துண்டு' முறை வேறு. தோட்டம் மாற விரும்பும் தொழிலாளியின் கடனை எழுதி, அதைத் தீர்ப்பவர் அவனைப் பெற்றுக்கொள்ளலாம் என்று கொடுக்கப்படும் சீட்டு. கடன் பெரும்பாலும் கங்காணியின் கணக்கு. ஊரிலிருந்து கொண்டுவந்த செலவு, அரிசி, கம்பளி என்று அது ஏறிக்கொண்டே போகும். எழுதப் படிக்கத் தெரியாதவனிடம் அந்தக் கணக்குக்கு மறுகணக்கு ஏது?

ஞாயிறு அன்று அயலானை நேசி என்று கேட்ட மனிதர், திங்கள் அன்று ஓடிப்போன கூலிக்குப் பிடியாணை கேட்டு நீதவானிடம் மனுப்போட்டார். இரண்டுக்கும் இடையே முரண்பாடு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. ஏன்? அவருடைய நியாயத்தில் கடமை இருந்தது, கருணையும் இருந்தது. காய்ச்சல் கண்ட தொழிலாளிக்கு மருந்து கொடுத்த துரைமார் உண்டு. பஞ்சத்தில் அரிசி கொடுத்தவரும் உண்டு. கருணையைப் பெறுகிறவன் ஒரு கேள்வி கேட்கலாம் என்ற எண்ணம் மட்டும் அதில் இல்லை. தகப்பன் பிள்ளைக்குச் செய்வது போன்ற ஏற்பாடு அது. பிள்ளை எத்தனை வயதானாலும் வளரக்கூடாது என்பது அதன் நிபந்தனை. மதம் பொய்த்துப்போகவில்லை, அதன் கட்டளை யாருக்குப் பொருந்தும் என்ற எல்லைக் கோட்டைத்தான் பெரட்டுக்களத்துக்கு இப்பால் போட்டுவிட்டார்கள்.

லயத்துக்குள் ஒரு நீதிமன்றம்

லயத்து மக்களுக்கும் சொந்தமாக ஒரு நியாயம் இருந்தது. கொழுந்துச்சாமி, கவ்வாத்துச்சாமி, தொழிற்சாலைச் சக்கரத்துக்குக் காவலான ரோதைமுனி என்று தொழிலோடு ஒட்டியே தெய்வங்கள் பிறந்தன. இவை எந்த ஆகமத்திலும் இல்லாத தெய்வங்கள். கவ்வாத்துக் கத்தி கையை வெட்டக்கூடாது, ரோதை உடலை இழுக்கக்கூடாது என்ற அச்சத்திலிருந்து எழுந்தவை. கோழி காணாமற்போனாலும் சீட்டுப்பணம் குறைந்தாலும் கடைசி முறையீடு கோயில் வாசலில்தான். கற்பூரத்தை ஏற்றி அணைத்துச் சத்தியம் செய் என்பார் தலைவர். செய்யத் துணிந்தவனை அதற்குமேல் யாரும் கேட்கமாட்டார்கள். செய்தியாளனாக ஹட்டன், தலவாக்கலை, மஸ்கெலியாப் பக்கம் அலைந்த நாட்களில், நீதிமன்றத்தில் கூசாமல் பொய் சொன்னவர்கள் கற்பூரத்துக்கு முன் தயங்கி நின்றதைக் கண்டிருக்கிறேன். நீதிமன்றம் துரையினுடையது, கற்பூரம் தங்களுடையது என்ற வேறுபாடு அதில் தெரிந்தது.

இதைப் பார்த்து, மதமே ஒழுக்கத்தின் வேர் என்று முடிவுகட்டுவோரும் இருப்பார்கள். பொறுங்கள். அதே கோயிலில் யார் எங்கே நிற்பது, திருவிழாவில் எந்தச் சாதிக்கு எந்த வேலை என்பதும் தீர்மானிக்கப்பட்டது. கோயில் தலைமை பெரும்பாலும் பெரிய கங்காணியிடம். துண்டு எழுதிய கையே தீபாராதனைத் தட்டையும் முதலில் தொட்டது. கற்பூரச் சத்தியம் கோழித் திருடனைக் கேட்டது. கடன் கணக்கைக் கேட்டதில்லை. பொழுது விடியும் முன் எழுந்து மலையேறிய பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தகப்பனோ கைநீட்டி வாங்குவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. அது அநியாயம் என்று எந்தச் சாமியும் அருள்வந்து சொன்னதாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே நாட்சம்பளம் என்பது 1984இல், தொழிற்சங்கப் போராட்டத்தின் பின்னரே வந்தது.

ஆக, துரையின் தேவாலயத்துக்கும் தொழிலாளியின் கோயிலுக்கும் ஒரு பொதுக்குறை இருந்தது. இரண்டும் தம் எல்லைக்குள் கூர்மையாகப் பார்த்தன. எல்லைக்கு வெளியே நின்றவரைப் பார்க்கவில்லை.

ஒரு வீடு, இரு அளவுகோல்

வேதம் ஒன்றானால் தீர்ப்பும் ஒன்றாகும் என்று நினைப்பவர்கள் பொன்னம்பலம் குடும்பத்தைப் பார்க்கவேண்டும். சேர் பொன்னம்பலம் இராமநாதனும் சேர் பொன்னம்பலம் அருணாசலமும் ஒரே வீட்டில், ஒரே சைவ மரபில் வளர்ந்தவர்கள். இருவரும் சாத்திர அறிவும் ஆங்கிலக் கல்வியும் பெற்றவர்கள். இருவருமே அஞ்சாதவர்கள், 1915 கலவரத்தின்பின் சிங்களத் தலைவர்களுக்காக இராமநாதன் பேசிய துணிவை இன்றும் நாடு நினைக்கிறது.

இளையவரான அருணாசலம் 1919இல் இலங்கைத் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளியைச் சிறைக்கு அனுப்பும் தண்டனை விதிகளை ஒழிக்கவேண்டும் என்பதே அதன் முதன்மைக் கோரிக்கைகளுள் ஒன்று. ஒப்பந்தத்தை மீறியதற்காகப் பெண்களும் பிள்ளைகளும்கூடச் சிறையில் தள்ளப்படுவதை அவரால் ஏற்க முடியவில்லை. 1921இல் துண்டு முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. தண்டனை விதிகளும் அக்காலத்திலேயே நீங்கின. இந்திய அரசின் நெருக்குதல் உட்பட இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் அருணாசலத்தின் விடாமுயற்சியும் ஒன்று. 1924இல் மதுரையில், தல யாத்திரையின்போது அவர் காலமானார். கடைசி மூச்சுவரை பக்தர்.

மூத்தவர் இராமநாதனோ, டொனமூர் ஆணைக்குழு எல்லோருக்கும் வாக்குரிமை வழங்கலாம் என்று பரிந்துரைத்தபோது எதிர்த்து நின்றார். கல்வியும் தகுதியும் இல்லாதவர் கையில் ஆட்சி போகக்கூடாது என்பது அவர் கருத்து. அதையும் அவர் சைவ ஒழுங்கின் பேரால், சமூகக் கட்டுக்கோப்பின் பேரால்தான் சொன்னார். அதே திருநீறு, அதே தேவாரம்; ஒருவர் அதில் சகல உயிர்களிலும் உறையும் சிவத்தைக் கண்டார், மற்றவர் அவரவர்க்கு விதிக்கப்பட்ட படிநிலையைக் கண்டார். நூல் இரண்டுக்கும் இடம்கொடுத்தது. எதை எடுப்பது என்ற தெரிவு நூலுக்கு வெளியேதான் நிகழ்ந்தது. அந்தத் தெரிவு எப்படி நிகழ்கிறது என்பதே நம் கேள்வி.

புடைவை வியாபாரி வேடத்தில் வந்தவர்

இதற்கு விடை தேடும்போது கோதண்டராம நடேசய்யர் நினைவுக்கு வருவார். தஞ்சாவூர்ப் பிராமணர், பத்திரிகையாளர். என் தொழிலுக்கு மூதாதை என்று சொல்லிக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. தோட்டத்துக்குள் வெளியார் நுழைந்தால் அத்துமீறல் குற்றமாக இருந்த காலத்தில், புடைவை வியாபாரி வேடம் பூண்டு லயங்களுக்குள் போய் நிலைமையைக் கண்டறிந்தார். அவர் பார்த்ததை எழுதினார். பிறகு சட்டசபைக்குப் போய்ப் பேசினார். 1931இல் தோட்டத் தொழிலாளருக்கெனத் தனிச் சங்கம் அமைத்தார். 1936இலிருந்து ஹட்டன் தொகுதியின் அரசாங்க சபை உறுப்பினர். மனைவி மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடினார். பாட்டு முடிந்ததும் ஐயர் சட்டம் பேசினார்.

அவருடைய முறையில் எனக்குப் பிடித்தது இதுதான். தலையெழுத்து, கர்மவினை என்று ஒடுங்கிக் கிடந்தவர்களிடம் தலையெழுத்து என்று ஒன்று இல்லை என வாதாடி அவர் பொழுதைப் போக்கவில்லை. தொழிலாளர் சட்டங்களைத் தமிழில் விளக்கி நூலாக்கிக் கொடுத்தார். இன்ன விதியின்படி உனக்கு இன்னது உரியது. கங்காணி மறுத்தால் இன்னாரிடம் முறையிடு. தலையெழுத்தை மாற்ற முடியுமோ முடியாதோ, செக்குரோலில் எழுதப்படாத அரைநாள் பேரை எழுதுவிக்க முடியும் என்று காட்டினார். தமக்கு நேர்வது விதியன்று, ஒருவர் செய்வது. செய்தவரைக் கேட்கலாம் என்ற உணர்வு அங்கே பிறந்தது. நியாயத் தீர்ப்பின் முதற்படி அதுவே. இயற்கைச் சீற்றத்தை யாரும் அநியாயம் என்பதில்லை. மனிதர் செய்வதையே அநியாயம் என்கிறோம்.

நடேசய்யர் பூணூலைக் கழற்றவில்லை. சற்றுப் பின்னர் வந்த மார்க் அந்தனி பிரேஸ்கேர்டிலுக்கு மதமே இல்லை. மடுல்கலைப் பகுதித் தோட்டமொன்றுக்குத் தொழில் பழக 1936இல் வந்த வெள்ளை இளைஞர், பொதுவுடைமைக் கருத்துடையவர். தொழிலாளர் நடத்தப்பட்ட விதத்தைப் பார்த்துச் சகிக்காமல் அவர்கள் பக்கம் சேர்ந்தார். 1937இல் ஆளுநர் அவரை நாடுகடத்த உத்தரவிட்டார். உயர் நீதிமன்றம் அந்த உத்தரவு செல்லாது என்றது. பிராமணருக்கும் பொதுவுடைமையாளருக்கும் பொதுவாக இருந்தது எந்த நூலும் அன்று. இருவரும் லயத்து வாசலில் உட்கார்ந்து கேட்டவர்கள்.

முல்லோயாவிலிருந்து மூன்று சட்டங்கள் வரை

1940 ஜனவரியில் ஹேவாஹெட்டைப் பகுதி முல்லோயாத் தோட்டத்தில் நாட்சம்பளத்தில் 16 சதம் கூட்டிக் கேட்டு வேலைநிறுத்தம் நடந்தது. பொலிஸ் சுட்டதில் கோவிந்தன் என்ற தொழிலாளி இறந்தார். விசாரணைக் கொமிஷன் முன் அவருடைய மனைவிக்காகத் தோன்றி வாதாடியவர் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா, லங்கா சமசமாஜக் கட்சியின் தலைவர்களுள் ஒருவர், கடவுள் நம்பிக்கை அற்றவர், சிங்களவர். அந்தப் பெண்ணுக்கும் அவருக்கும் மொழி வேறு, இனம் வேறு, வர்க்கமும் வேறு. ஒழுக்கம் என்பதே ஆளும் வர்க்கத்தின் கற்பிதம் என்று தத்துவம் பேசிய கட்சி, ஓர் ஏழை விதவைக்காக ஒழுக்கத்தின் மொழியில் வழக்காடியது. தத்துவத்தைவிட அவர்களின் நெஞ்சு நேராக இருந்தது.

அடுத்து வந்தது பெருஞ்சோதனை. சுதந்திரம் பெற்ற ஆண்டிலேயே, 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம். 1949இல் இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் பிரஜாவுரிமைச் சட்டம். அதே ஆண்டில் தேர்தல் திருத்தச் சட்டம். இம்மூன்றும் சேர்ந்து மலையக மக்களில் மிகப் பெரும்பாலோரைப் பிரஜாவுரிமையும் வாக்கும் அற்றவர்களாக்கின. 1947 தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸ் 7 ஆசனங்களை வென்றிருந்தது. வேறு பல தொகுதிகளில் தோட்ட வாக்குகள் இடதுசாரிகளுக்குத் துணைசெய்தன. காரணத்தை ஊகிக்கப் பெரிய அரசியல் ஞானம் வேண்டியதில்லை.

இந்தச் சட்டத்தின் சொற்களை நிதானமாகப் படித்தவருக்கு ஒன்று விளங்கும். அதில் தமிழர் என்ற சொல்லே இல்லை. நாட்டில் பிறந்தவரின் தகப்பனும் இங்கே பிறந்திருக்கவேண்டும், அல்லது தகப்பன்வழிப் பாட்டனும் பூட்டனும் இங்கே பிறந்திருக்கவேண்டும். விதி எல்லோருக்கும் ஒன்றே. ஆனால் கேள்வி எல்லோரிடமும் கேட்கப்படவில்லை. மாத்தறைக் கிராமத்தவரிடமோ யாழ்ப்பாணத்தவரிடமோ பாட்டனின் பிறப்புப் பத்திரத்தை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவர்களிலும் பலரால் காட்டியிருக்க முடியாது. 1949ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் 8 இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்காக விண்ணப்பம் செய்யப்பட்டது. பிரஜாவுரிமை கிடைத்தது சுமார் 134,000 பேருக்கு.

வழக்கு நடந்தது. எந்த இனத்தவர்மீதும் பிறருக்கு இல்லாத தடையைச் சட்டம் சுமத்தக்கூடாது என்று சோல்பரி அரசியலமைப்பின் 29ஆம் பிரிவு சொன்னது. கேகாலைப் பகுதியில் ஒரு திருத்தல் அதிகாரி தொழிலாளியின் பக்கம் தீர்த்தார். உயர் நீதிமன்றம் அதை 1951இல் மாற்றியது. பிரிவிக் கவுன்சில் 1953இல் உயர் நீதிமன்றத்தின் முடிவை உறுதிசெய்தது. தன் பிரஜைகள் யார் என்று தீர்மானிக்க ஒரு சட்டமன்றத்துக்கு உரிமை உண்டு என்பதும், இந்தத் தமிழரின் இடம்பெயரும் வழக்கம் அதில் கவனிக்கத்தக்கது என்பதும் அந்தத் தீர்ப்பின் சாரம். சட்ட வாதம் என்ற அளவில் அதில் ஓட்டை காண்பது எளிதன்று. மூன்று தலைமுறையாக ஒரே லயத்தில் பிறந்து இறந்தவர்களை இடம்பெயர்வோர் என்றழைத்தது அந்தச் சட்ட வாதம். அந்த மாண்புமிகு பிரபுக்களின் முன் சட்டப் புத்தகங்கள் இருந்தன, லயம் இல்லை. சட்டப்படி சரி என்பதும் நியாயம் என்பதும் இரண்டு வெவ்வேறு சொற்கள் என்று தமிழில் நாம் வைத்திருப்பது வீண்போகவில்லை.

பாராளுமன்றத்தில் நடந்ததும் நம் கேள்விக்கு உதவும். சட்டம் கொண்டுவந்த அமைச்சரவையில் பௌத்தர் இருந்தனர், கிறிஸ்தவர் இருந்தனர், இந்துக்கள் இருவரும் இருந்தனர். எதிர்த்தவர்களில் கடவுள் மறுப்பாளரான சிங்கள இடதுசாரிகள் முன்னணியில் நின்றனர். தமிழ்க் காங்கிரஸுக்குள்ளோ இன்னுமொரு இரட்டையைக் காண்கிறோம். ஜி.ஜி. பொன்னம்பலம் 1948இன் முதற்சட்டத்தை எதிர்த்தார். அமைச்சராகிய பின் அடுத்த சட்டத்துக்கு ஆதரவளித்தார். எஸ்.ஜே.வி. செல்வநாயகம் ஏற்க மறுத்துப் பிரிந்து, 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். பொன்னம்பலம் இந்து, செல்வநாயகம் புரட்டஸ்தாந்துக் கிறிஸ்தவர், அவர் காத்துநின்ற மலையக மக்களில் மிகப் பெரும்பாலோர் இந்துக்கள். மதம் இங்கே எந்தப் பக்கத்தையும் தீர்மானிக்கவில்லை. இன்று அவர்களுக்கு நேர்ந்தது நாளை நமக்கும் நேரும் என்பதும் செல்வநாயகத்தின் வாதங்களில் ஒன்று. இதைத் தன்னலம் என்று சிலர் குறைத்துப் பேசுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. அவன் இடத்தில் நான் நின்றால் என்று எண்ணிப் பார்க்கும் ஆற்றலின் இன்னொரு பெயரே அது.

தராசு சாய்ந்த காலம்

இடதுசாரிகளே நேர்மையாளர்கள் என்று இந்த இடத்தில் கட்டுரையை முடித்துவிடலாம். வரலாறு அப்படி முடிய விடவில்லை. 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி சிறிமாவோ பண்டாரநாயக்காவின் அரசில் சேர்ந்தது. அதே ஆண்டு ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம். 975,000 மனிதர்களில் 525,000 பேர் இந்தியாவுக்கு, 300,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 150,000 பேரைப் பற்றிப் பின்னர் பார்ப்போம் என்றார்கள். 1974இல் அதையும் பாதிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். தேயிலைப் பெட்டியைப் பங்கிடுவதற்குக்கூட இதைவிட அதிகம் பேரம் பேசியிருப்பார்கள். பங்கிடப்பட்டவர்களின் பிரதிநிதி எவரும் ஒப்பமிட அழைக்கப்படவில்லை.

ஹட்டனிலிருந்தும் நானுஓயாவிலிருந்தும் தலைமன்னாருக்குப் புறப்பட்ட ரயிலை மக்கள் அழுகைக் கோச்சி என்றார்கள். அண்ணன் இந்தியாவுக்கு எழுதிக்கொடுத்திருப்பான், தம்பி இலங்கைக்கு எழுதிக்கொடுத்திருப்பான். பிற்காலத்தில் நீலகிரியிலும் சிலரைச் சந்தித்துப் பேசினேன். அவர்களில் ஒரு முதியவர் சொன்னதை மறக்க முடியவில்லை: "ரெண்டு நாட்டுக்காரங்களும் எங்கள எண்ணிப் பாத்தாங்க தம்பி. கேட்டுப் பாக்கல."

1970 முதல் 1975 வரை பெருந்தோட்டத்துறை அமைச்சர் யார்? அதே கொல்வின் ஆர். டி சில்வா. 1973, 1974இல் அரிசியும் மாவும் தட்டுப்பட்டபோது தோட்டங்களில் பசியால் மரணங்கள் நேர்ந்தன. காணித்துண்டு இல்லாதவன் மரவள்ளி நடக்கூட வழியில்லை. அவர் வடித்த 1972 குடியரசு அரசியலமைப்பில் 29ஆம் பிரிவு இல்லாமற்போனது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வந்தது. அவர் மனமறிந்து கொடுமை செய்தார் என்று நான் எழுதவில்லை. முல்லோயாவின் விதவை அவர் முன் ஒரு மனுஷியாக நின்றாள். 1974இல் தொழிலாளர் அவர் முன் புள்ளிவிவரமாக வந்தார்கள். பகுத்தறிவும் அமைச்சுக் கதிரையில் அமர்ந்தால், துரையின் பக்தியைப் போலவே, எல்லைக் கோடு போடக் கற்றுக்கொள்கிறது.

அதே காலத்தில் கண்டியில் போல் கஸ்பர்ஸ் என்ற இயேசு சபைத் துறவி 1972இல் சத்தியோதயம் நிலையத்தைத் தொடங்கினார். சிங்களரும் தமிழரும் ஒரே கூரையின்கீழ் பணியாற்றி, தோட்டங்களின் பசியையும் நாடற்றோரின் நிலையையும் ஆவணப்படுத்தி உலகுக்குச் சொன்னார்கள். ஒரு நூற்றாண்டுக்கு முன் துரையின் சந்தாவில் உபதேசியார் தோட்டத்துக்குள் போனார். இப்போது துறவியொருவர் மக்களின் முறைப்பாட்டோடு வெளியே வந்தார். விவிலியம் ஒன்றே, அதை எந்த வாசலில் நின்று படிப்பது என்பதே மாறியிருந்தது.

பிரார்த்தனையாகிய வேலைநிறுத்தம்

மதத்தையும் உலகியலையும் இரு தட்டில் வைத்து நிறுக்கும் விளையாட்டை முற்றாகக் குழப்பிவிட்ட நிகழ்ச்சி 1986இல் நடந்தது. எந்த நாட்டிலும் இடம்பெறாமல் எஞ்சிய 94,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை கேட்டு, இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸ் தைப்பொங்கலன்று பிரார்த்தனை இயக்கம் ஒன்றைத் தொடங்கியது. தலைவர் சௌமியமூர்த்தி தொண்டமான் அப்போது ஜே.ஆர். ஜயவர்தன அரசின் அமைச்சர்! அரசுக்குள் இருந்துகொண்டே அரசை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்வது எப்படி? பிரார்த்தனை செய்வதற்கு எந்தச் சட்டமும் தடைபோட முடியாதே. காலையில் மலைக்குப் போகவேண்டிய தொழிலாளர் கோயிலிலும் தேவாலயத்திலும் கூடினார்கள். கொழுந்து செடியிலே நின்றது. சில வாரங்களில் பிரஜாவுரிமை வழங்கும் விசேட சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தது.

அது பக்தியா, தந்திரமா? அப்போதே கொழும்புப் பத்திரிகை அலுவலகங்களில் இதை எள்ளி நகையாடினோர் உண்டு. தொண்டமானின் அரசியலில் எனக்கு உடன்பாடில்லாத பல உண்டு. ஆயினும் அந்த நகைப்பில் நான் சேரவில்லை. உரிமையைக் கேட்க அந்த மக்களுக்குக் கைவந்த மொழி வழிபாடு. அந்த மொழியில் அவர்கள் கேட்டது வீடுபேறு அன்று, பாராளுமன்றச் சட்டம். கற்பூரமும் சட்டப் புத்தகமும் அன்றுதான் ஒரே தட்டில் வந்தன.

நியாயம் இருந்ததால் அது வென்றது என்று எழுத ஆசைதான். ஆனால் 1952இல் இலங்கை இந்தியக் காங்கிரஸ் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தது. அப்போதும் நியாயம் இவ்வளவே இருந்தது; பலன் ஒன்றுமில்லை. 1986இல் வடக்கில் போர், டில்லியின் நெருக்குதல், தேயிலை வருமானத்தின்மீது அரசுக்கிருந்த அச்சம் எல்லாம் சேர்ந்திருந்தன. வெற்றி நியாயத்துக்குச் சான்று ஆகாது; தோல்வி அநியாயத்துக்கும் சான்று ஆகாது. இதை ஒப்புக்கொள்ளாத ஒழுக்கப் பேச்சு, மதத்தின் பேரால் வந்தாலும் அறிவின் பேரால் வந்தாலும், வென்றவனுக்குப் பல்லக்குத் தூக்குவதில்தான் முடியும்.

அளவுகோல் எங்கே?

மேலே சொன்ன மனிதர்களை இன்னொருமுறை வரிசையில் நிறுத்திப் பார்க்கிறேன். நேராகத் தீர்த்தவர்களில் சைவர், பிராமணர், கிறிஸ்தவர், நாத்திகர் எல்லோரும் இருக்கிறார்கள். கோணலாகத் தீர்த்தவர்களிலும் அதே பட்டியல் இருக்கிறது. எனவே கடவுளா அறிவா என்ற கேள்வி, நியாயம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு விடை தருவதில்லை. அதற்கு முந்திய கேள்வி ஒன்று இருக்கிறது: என் தீர்ப்புக்கு உள்ளாகிறவன் எனக்குப் பதில் சொல்ல உரிமையுள்ளவனா? ஆம் என்று ஒப்புக்கொண்டவருக்கு வேதமும் வழிகாட்டியது, மார்க்ஸின் நூலும் வழிகாட்டியது. இல்லை என்று வைத்துக்கொண்டவருக்கு இரண்டுமே சாக்காயின. ஒரே ஆள், கொல்வினைப்போல, ஒரு காலத்தில் அந்த ஒப்புதலைக் கொடுத்து இன்னொரு காலத்தில் மறந்துபோகவும் கூடும். அது ஒருமுறை பெற்றால் என்றும் நிலைக்கும் சொத்து அன்று.

அப்படியானால் மதமும் தத்துவமும் தேவையற்றவையா? அப்படிச் சொல்லமாட்டேன். அந்த ஒப்புதலைக் காத்துக்கொள்ள மனிதனுக்குத் துணை வேண்டும். அருணாசலத்துக்குச் சிவநெறி துணையாயிற்று, செல்வநாயகத்துக்குக் கிறிஸ்தவம், பிரேஸ்கேர்டிலுக்குப் பொதுவுடைமை. தனித்து நிற்கவேண்டிய வேளையில் ஒருவரைத் தாங்கி நிறுத்தும் கைத்தடிகள் அவை. கைத்தடி எந்த மரத்தில் செய்தது என்பது பெரிதன்று. அதை ஊன்றி எங்கே நடந்தார் என்பதே பெரிது.

2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்றோர் கணக்கு ஏறக்குறையத் தீர்ந்தது. 2023இல், மலையக மக்களின் வருகைக்கு 200 ஆண்டு நிறைவையொட்டி, தலைமன்னாரிலிருந்து மாத்தளைவரை மூதாதையர் நடந்த வழியே ஒரு நடைபயணம் நிகழ்ந்தது. குருமாரும் நடந்தார்கள், தொழிற்சங்கத்தாரும் நடந்தார்கள், எந்த நம்பிக்கையும் சொல்லிக்கொள்ளாத இளைஞரும் நடந்தார்கள். வழியிலுள்ள ஊர்களில் சிங்களரும் முஸ்லிம்களும் தண்ணீர் கொடுத்தார்கள். யார் எந்தக் காரணத்துக்காக நடக்கிறார் என்று எவரும் எவரையும் கேட்கவில்லை.

ஆனால் அவர்கள் முன்வைத்த கோரிக்கைகளில் காணியும் வீடும் இன்னும் கோரிக்கைகளாகவே நிற்கின்றன. வெள்ளையர் காலத்து லயக் காம்பராவில், தன் பெயரில் ஓர் அடி நிலமில்லாமல் தலைமுறை தலைமுறையாகக் குடியிருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. காணி கொடுப்பது உற்பத்திக்கு நட்டமா இலாபமா என்று கொழும்பில் நிபுணர்கள் அளக்கிறார்கள். அவரவர் கொள்கைப்படி நல்லெண்ணத்தோடுதான் அளக்கிறார்கள் என்றே வைத்துக்கொள்வோம். அளக்கும் முன் அந்தக் காம்பராவின் வாசலில் ஒருநாள் உட்கார்ந்து கேட்டார்களா என்பதை மட்டும் நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.